கப்பலில் படித்த பிள்ளைக்கு யார் குரு?

கார்டன் ரீச்சில் ஆற்றோரம் நிற்கிற நீளத் தகரக் கொட்டகையின் கூரைச் சட்டம் நான் நிறுத்தியது. ஹவுராவில் ரயில் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் கால்கள் நான் நிறுத்தியவை. ரங்கூனில் அரிசி ஆலை, மோல்மீனில் மரம் அறுக்கும் ஆலை, பினாங்கில் சரக்குக் கிடங்கு, சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் ஆளை அண்ணாந்து பார்க்கவைக்கும் பாரந்தூக்கி. பவானிபூரில் இப்போது நான் உட்கார்ந்து எழுதுகிற இந்த மாடி வீடும் நான் கட்டியதுதான். நாகப்பட்டினத்தில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, உலைக்களத்தில் துருத்தி ஊதிக்கொண்டிருந்தவன் நான். கல்கத்தாவுக்கு வந்து இறங்கியபோது என்னிடம் மாற்று வேட்டி கிடையாது. இங்கிலீஷ் கிடையாது. வங்காளி கிடையாது. சிபாரிசு செய்ய ஒரு நாதி கிடையாது. ரிவிட் அடிக்கிற கூட்டத்தில் கடைசி ஆளாகச் சேர்ந்து, அந்தக் கூட்டத்துக்கே மேஸ்திரி ஆனேன். என்னைப்போல் இன்னொருவன் இந்த ஊரில் இருந்தால் அவனைக் காட்டுங்கள், நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

இவை தவிர இன்னும் இரண்டு கட்டினேன். ஒன்று என் மகன். மற்றது என் மகள். கொட்டகைகளில் கம்பெனிக்காரர்கள் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டார்கள். அது தொழிலில் வழக்கம், நான் வாய் திறக்கவில்லை. ஆனால் என் மகன்மேல் என் மைத்துனன் தன் பெயரைப் பொறித்துக்கொண்டதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்த வயதில் பேனா பிடிக்கிறேன்.

நடந்தது இது. கல்கத்தாவில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பூஜா விடுமுறையில் ஆபீஸ்கள் எல்லாம் மூடியிருக்கும். விஜயதசமியன்று காலை எல்லோரும் ஒரு பெரிய வீட்டுக் கூடத்தில் கூடுவோம். அந்த வருஷம் பரீட்சை தேறின பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, தங்கள் குருவை மணையில் உட்காரவைத்து, தேங்காய், வெற்றிலை, பட்டுக்கரை அங்கவஸ்திரம் வைத்த தாம்பாளத்தைக் கொடுத்து நமஸ்காரம் செய்வார்கள். காரியதரிசி உரக்க, "இவருக்கு இவர் குரு" என்று சபைக்குச் சொல்வார். ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் அது நின்றுவிடும். பிறகு பெண் பார்க்கப் போனாலும், உத்தியோகத்துக்கு யாரிடமாவது போய் நின்றாலும், "இன்னாரிடம் படித்த பிள்ளை" என்றுதான் பேச்சு.

போன வருஷம் என் மகன் பி.ஏ. தேறினான். பக்கத்து வீட்டு வங்காளிக் கிழவர் சந்தேஷ் இனிப்புச் சட்டியோடு ஓடி வந்து, "மிஸ்திரி மொஷாய், அப்னார் செலே பி.ஏ!" என்றார். உங்கள் பிள்ளை பி.ஏ. என்று அர்த்தம். உங்கள் பிள்ளை என்று அவர் சொன்னார். நம் ஜனங்களில் ஒருவர் வாயிலும் அந்த வார்த்தை வரவில்லை.

விஜயதசமிக்கு ஒரு வாரம் முன்பு என் மனைவி, "குருவுக்கு அங்கவஸ்திரம் எடுக்கணும்" என்றாள். நானே படா பஜாருக்குப் போனேன். கடைக்காரன் எடுத்துப் போட்ட எதுவும் பிடிக்காமல், மேல்தட்டில் இருந்ததை இறக்கச் சொல்லி, சிவப்புக் கரையில் மயில்கண் போட்டதாகப் பார்த்து எடுத்தேன். கரையை என் தோள்மேல் போட்டு நீளம்கூடப் பார்த்தேன். எனக்கென்றுதான் நினைத்துக்கொண்டேன். வேறு யாருக்கு என்று நினைப்பேன்?

அன்றைக்குக் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். காரியதரிசி ஒரு பாங்கில் தலைமைக் குமாஸ்தா. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அடுத்து நம்ம மேஸ்திரி வீட்டுப் பிள்ளை. குருவைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம்" என்றார். நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். மகன் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் முழங்காலை உரசிக்கொண்டு, என்னைத் தாண்டி, என் பின்னால் போனான். அங்கே என் மனைவியின் தம்பி உட்கார்ந்திருந்தான்.

நான் பாதி எழுந்த நிலையில் நின்றேன். பின்னாலிருந்து ஒருவர் என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"உட்காருங்க மேஸ்திரி, மறைக்குது."

மறைக்கிறதாம்! என் மகன் என் மைத்துனன் காலில் விழுவதை நான் மறைக்கிறேனாம்.

இந்த மைத்துனன் யார் என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. நல்ல கையெழுத்து. இந்த ஊருக்கு அவனை அழைத்துவந்தவனே நான்தான். எங்கள் பெரிய சாஹேப் என்னை ரங்கூனுக்குப் போகச் சொன்னபோது, அங்கே முடிந்ததும் அப்படியே கிழக்கே ஒவ்வொரு துறைமுகமாக வேலை இருக்கிறது, திரும்ப வருஷக்கணக்காகும் என்றார். என் கூட்டத்து ஆட்கள் எல்லோரும் பெண்டாட்டி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். எனக்கு அனுப்ப ஊரில் யாரும் இல்லை. மகனுக்கு ஆறு வயசு, மகளுக்கு நாலு. மைத்துனனிடம் போனேன்.

"மாப்ளே, பையனை மட்டுமாச்சும் உன்கூட வச்சுக்க. பள்ளிக்கூடத்துல போடு. செலவு என்னோடது."

"ஒண்டுக் குடித்தனம் அத்தான். நானே சமையக்கட்டுல படுக்கிறேன். இவனை எங்க படுக்க வைப்பேன்?"

"சரி, அப்ப கூட்டிக்கிட்டுப் போறேன்."

"கப்பல்லயா? குழந்தைங்களையா? காட்டானாத் திரும்பி வரும் அத்தான். அப்புறம் கூலி மூட்டை தூக்கத்தான் லாயக்கு."

என் மனைவி பக்கத்தில் நின்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவள் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். வாய்ப்பாடு முழுக்க மனப்பாடம், கால், அரை, வீசம் எல்லாம் தண்ணீர்போல் வரும். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். தம்பியைப் பார்த்து, "மூட்டை தூக்கினாலும் என் கண்ணு முன்னால தூக்கட்டும்டா" என்றாள். மறு வாரம் நால்வரும் கப்பல் ஏறினோம். கடல் தாண்டுகிறவன் என்று சொல்லி, அதுவரை என் வீட்டில் சாப்பிட்டவர்கள் சிலர் வழியனுப்பக்கூட வரவில்லை. திரும்பி வந்தபோது அவர்களுக்குச் சீமைப் பீங்கான் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

இனி நான் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள். எந்தத் துறைமுகத்தில் எந்த வேலை பேசினாலும், கூலி, அரிசி, தங்க இடம் என்று பேசிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்பேன்: "பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் பாடம் சொல்ல ஆள் வேண்டும். அதற்காகக் கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்." சாஹேப்மார் முதலில் விழிப்பார்கள். குடி கேட்கிற மேஸ்திரியைப் பார்த்திருப்பார்கள், முன்பணம் கேட்கிறவனைப் பார்த்திருப்பார்கள், வாத்தியார் கேட்கிறவனைப் பார்த்ததில்லை. ரங்கூனில் ஆலைக் கணக்கப்பிள்ளையைக் கொடுத்தார்கள். அவர் தமிழும் கணக்கும். மோல்மீனில் புத்த மடத்துச் சாமியார் தம்மிடம் படிக்கும் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகளையும் உட்காரவைத்தார். அந்த மடத்துக் கோபுரத்தின் இரும்புக் குடையை நான் சரிசெய்து கொடுத்தேன். பினாங்கில் சீனக் கடைக்காரர் மணிச்சட்டத்தில் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தார். மகள் அதில் அண்ணனைத் தோற்கடித்தாள். அவள் விரல் போகிற வேகத்தைப் பார்க்கக் கடைக்கு வந்தவர்கள் சாமான் வாங்காமல் நிற்பார்கள். சிங்கப்பூரில் ஒரு விதவை மேம்சாஹேப், பாதி வெள்ளைக்காரி, இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். அவள் வீட்டு வராந்தாக் கூரை இன்றைக்கும் ஒழுகாது. நான் போட்டது.

இவர்கள் எல்லாம் வாத்தியார்கள். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் சில மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம். கப்பல் ஏறியதும் அந்த வாத்தியார் போய்விடுவார். அடுத்தவருக்கு முன்னவர் என்ன சொன்னார் என்று தெரியாது. ஒருவர் தமிழில் சொன்னதை அடுத்தவர் பர்மியில் சொல்வார், அதற்கடுத்தவர் இங்கிலீஷில். துண்டு துண்டாக வந்த தகட்டை ஒன்றோடு ஒன்று சேர்த்து யார் ரிவிட் அடித்தது? அதைத்தான் கேட்கிறேன்.

ரிவிட் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஆணியை இரண்டு தகட்டுத் துளைகளில் சொருகி, மறுமுனையை அடித்துக் குமிழாக்குவது. ஆறியதும் அது தகட்டை இறுகப் பிடிக்கும். பார்வைக்கு எல்லா ஆணியும் ஒன்றுதான். இறுகியதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் மேஸ்திரி சின்னச் சுத்தியலோடு போய், ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் தட்டுவான். இறுகின ஆணி கணீரென்று சொல்லும். தளர்ந்த ஆணி விரலில் அதிரும், சத்தம் செத்திருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடிக்கவேண்டும். யார் அடித்த ஆணி, எந்தச் சாஹேப் பார்த்தது என்ற பேச்சே இல்லை. தட்டினால் சொல்லவேண்டும்.

பிள்ளைகளை நான் அப்படித்தான் தட்டினேன். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்ததும், துறைமுகமானாலும் சரி, கப்பல் தளமானாலும் சரி, இருவரையும் எதிரே உட்காரவைப்பேன். அன்றைக்குப் படித்ததை எனக்குச் சொல்லவேண்டும். எனக்குத் தெரியாத பாடம்தான். அதனால் என்ன? சொல்லி முடித்ததும் "ஏன்?" என்பேன். பதில் வரும். அதற்கும் "ஏன்?" என்பேன். மூன்றாவது "ஏன்"னில் முகம் சொல்லிவிடும். படித்தது உள்ளே இறுகியிருக்கிறதா, வாயில் மட்டும் சொருகியிருக்கிறதா என்று.

ஒன்று சொல்கிறேன். மோல்மீனிலிருந்து ரங்கூனுக்குத் திரும்பி, அங்கிருந்து பினாங்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தோம். தளத்தில் எங்கள் பாய், அடுப்பு, மூட்டை. சூரியன் இறங்குகிற நேரம். பையன் கிரகணப் பாடம் ஒப்பித்தான். சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவில் பூமி வரும், பூமியின் நிழல் சந்திரன்மேல் விழும், அதுவும் பௌர்ணமியன்றுதான் என்று கடகடவென்று சொன்னான்.

"அப்படின்னா மாசாமாசம் பௌர்ணமி வருதே. மாசாமாசம் ஏன் கிரகணம் வரலை?"

பையன் விழித்தான். "பாடத்துல அது இல்லப்பா."

"பாடத்துல இல்லாட்டி வானத்துல இருக்குமில்ல?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சா உன்னை ஏன்டா கேட்கிறேன்?"

மகள் சிரித்தாள். அவன் அழுதான். அம்மா, "பிள்ளைய சாப்பிட விடுங்க, சந்திரன் எங்கயும் ஓடிடாது" என்றாள். நான் விடவில்லை. அந்தப் பயணம் முழுக்க அவன் அந்தக் கேள்வியோடு கப்பலைச் சுற்றினான். ஒரு தேங்காயையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டு லாந்தர் முன்னால் உட்கார்ந்து, பினாங்கு தென்படுகிற அன்றைக்கு ஓடிவந்தான். "அப்பா, எலுமிச்சம்பழம் நேரா சுத்தலப்பா. கொஞ்சம் சாய்ஞ்சு சுத்துது. அதான் நிழலுக்கு மேலயும் கீழயும் தப்பிச்சுப் போயிடுது!" அவன் குரல் கணீரென்றிருந்தது. சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் விரலில் அதிரவில்லை. அது போதும் எனக்கு.

ஏழெட்டு வருஷம் இப்படி. பிறகு கல்கத்தா திரும்பினோம். பையனைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை என்பதால் மைத்துனனையும் அழைத்துப் போனேன். அதற்குள் அவன் கோட்டு, கடிகாரச் சங்கிலி எல்லாம் வைத்திருந்தான். என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பையனோடு ஹெட்மாஸ்டர் அறைக்குள் போனான். வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"சேர்த்துட்டேன் அத்தான். எங்க படிச்சான்னு கேட்டார். வீட்டுல நான்தான் சொல்லிக்கொடுத்தேன்னேன்."

"நீயா? நீ இவனைப் பார்த்தே எத்தனை வருஷம் ஆச்சு?"

"கப்பல்ல படிச்சான், சீனன்கிட்ட படிச்சான்னா சிரிச்சு வெளிய அனுப்பிடுவார் அத்தான். அந்தஸ்தா ஒரு பேரு வேணுமில்ல? உங்க பையன் நல்லதுக்குத்தானே."

பையனைப் பரீட்சித்தார்களா என்று கேட்டேன். பரீட்சித்தார்களாம், கேட்டதற்கெல்லாம் சொன்னானாம், ஹெட்மாஸ்டர் மைத்துனனின் கையைக் குலுக்கினாராம். பதில் சொன்னது என் பிள்ளை. குலுக்கியது இவன் கையை. பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததே என்று அன்றைக்குப் பேசாமல் இருந்தேன். வாசற்படி தாண்டச் சொன்ன பொய் வாசலோடு நிற்கும் என்று நினைத்தேன். அது வீட்டுக்குள் வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசியில் மணையிலும் ஏறிவிட்டது. மெட்ரிக்குலேஷனுக்கு முன் ஒரு வருஷம் சாயங்காலங்களில் அவன் பையனுக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொன்னது உண்மை. அந்த ஒரு வருஷத்தை முன்னாலும் பின்னாலும் இழுத்து, முழுப் படிப்புக்கும் போர்த்திவிட்டான்.

சபைக்கு வருகிறேன். கோட்டை இழுத்தவர் கையைத் தட்டிவிட்டு, "ஒரு நிமிஷம்" என்றேன்.

காரியதரிசி நிமிர்ந்தார். "என்ன மேஸ்திரி?"

"குரு யாருன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பையனே சொன்னதுதானே. அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"

"ஆறு வயசுலேர்ந்து கடல் மேல படிச்சான். அப்ப இந்தக் குரு எங்க இருந்தாரு?"

மைத்துனன் மணையில் உட்கார்ந்தபடியே சிரித்தான். மயில்கண் கரை அவன் தோளில் இருந்தது. "அத்தான், அது படிப்பா? ஊர் சுத்திப் பார்த்தது. குழந்தைங்களுக்கு வேடிக்கை. நல்ல நாள், விடுங்க."

"வேடிக்கையா?"

"சரி, நீங்களே சொல்லுங்க," என்றார் காரியதரிசி. பொறுமையாகக் கேட்கிறாராம். "பிள்ளைக்கு நீங்க நடத்தின பாடம் எது? கணக்கா? இங்கிலீஷா?"

பின்வரிசையிலிருந்து ஒருவன், "சுத்தியல்!" என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்துவந்து, "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் மகன் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சிரித்தானா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

வெளியே வந்தால் தெருவெல்லாம் தாக் மேள முழக்கம். துர்க்கையை ஆற்றுக்குக் கொண்டுபோகிறார்கள். கூட்டத்தில் தெருவைக் கடக்க முடியாமல், கறுப்புக் கோட்டில் வேர்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு இரும்பை நிறுத்தியவன் அந்தச் சபையில் நிற்க முடியாமல் வந்துவிட்டேனே என்று பல்லைக் கடித்தேன்.

மறுநாள் மகள் புக்ககத்திலிருந்து வந்தாள். மகனும் இருந்தான். நான் அவனிடம் நேராகவே கேட்டேன்.

"ஏன்டா அப்படிச் செஞ்சே?"

"சபையில சொல்ற மாதிரி ஒரு பேரு வேணும்ப்பா. மாமா சொல்லிக்கொடுத்தார், நீங்க செலவு பண்ணீங்க. ரெண்டும் ஒண்ணா?"

"செலவு!" என்றாள் மகள். "அண்ணா, எலுமிச்சம்பழம் மறந்துபோச்சா? பினாங்குக் கப்பல்ல உன்னை ஏன்னு கேட்டு அழ வச்சது யாரு? மாமாவா?"

மகன் முகம் மாறியது. பிறகு மெதுவாக, "அப்பாவுக்குப் புரியலைன்னு கேட்டது அது. அது எப்படிப் பாடம் நடத்தறதாகும்?" என்றான்.

புரியாமல்தான் கேட்டேன்! அதைத்தான் நானும் சொல்கிறேன். புரிந்தவனாக நடிக்காமல், கூலிக்காரனான நான் என் பிள்ளைகள் முன்னால் தினம் உட்கார்ந்து, எனக்குத் தெரியாது, நீ சொல், ஏன் என்று கேட்டேன். உங்கள் சபையில் இருக்கிற பி.ஏ.க்களில் எத்தனை பேருடைய அப்பா அப்படிக் கேட்டிருப்பார்? வாத்தியார்கள் ஆணி கொடுத்தார்கள். தளர்ந்த ஆணியைக் கண்டுபிடித்து, வெட்டி, மறுபடி அடிக்கவைத்தது நான். எந்தப் பாடம் நடத்தினீர்கள் என்று காரியதரிசி கேட்டபோது எனக்கு நா எழவில்லை. இப்போது எழுகிறது. எல்லாப் பாடமும், ஐயா. ஒன்றுவிடாமல்.

மறுபடி "செலவு" என்ற வார்த்தை மகன் வாயில் வரவில்லை. அந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் என் எதிரே வந்து உட்கார்ந்து, பி.ஏ.வுக்குப் பிறகு சேர்ந்திருக்கும் சட்டப் படிப்பில் ஏதோ ஒன்றைத் தானாகச் சொல்ல ஆரம்பித்தான். கோபத்தில் இருந்தாலும் நான் "ஏன்?" என்று கேட்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது. அதனால் என் கோபம் ஆறிவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். வீட்டுக்குள் வந்து உட்காருவது வேறு, சபையில் சொல்வது வேறு. சபையில் போனது சபையில்தான் திரும்ப வரவேண்டும்.

ஆகவே கல்கத்தாத் தமிழ்க் குடும்பத்தார்களுக்கு இதை எழுதுகிறேன். வருகிற விஜயதசமியன்று அதே கூடத்தில், அதே காரியதரிசி, என் மகனை எழுப்பவேண்டும். இலக்கணம் சொன்ன ஒரு வருஷத்துக்கு என் மைத்துனனுக்கு ஒரு தட்டு வையுங்கள், நான் தடுக்கவில்லை. ரங்கூன் கணக்கப்பிள்ளை, மோல்மீன் சாமியார், பினாங்குச் சீனர், சிங்கப்பூர் மேம்சாஹேப் இவர்களையும் சொல்லுங்கள். வாய்ப்பாடு சொன்ன என் மனைவியைச் சொல்லுங்கள். ஆனால் முதல் தட்டு என் கையில் வரவேண்டும். "கடல் மேல் படித்த இந்தப் பிள்ளைக்கு இவர் குரு" என்று, பின்வரிசையில் சுத்தியல் என்று கத்தினவனுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லவேண்டும். நான் எழுந்து நிற்பேன். யாரும் என் கோட்டைப் பிடித்து இழுக்கக்கூடாது.